ஸனத் இல்லாத அடிக்குறிப்புகள்

சென்ற மாதம் ஒரு மாணவர் ஆய்வுக்கோவையின் தட்டச்சுப் பிரதி கினிகத்தேனையிலுள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பன்னிரண்டு கட்டுரைகள். எல்லாம் இலங்கை முஸ்லிம்களின் வரலாறு, மொழி, இலக்கியம் பற்றியவை. அச்சுக்குப் போகுமுன் ஓர் அபிப்பிராயம் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். கோவையின் பெயரையோ எழுதிய பிள்ளைகளின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. நான் காணும் குறை அவர்களோடு தொடங்கியதும் அல்ல, அவர்களுடையது மட்டுமும் அல்ல.

பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள். நடை நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அடிக்குறிப்புகள் வரிசையாக நிற்கின்றன. பார்த்தவுடன் மனதுக்குச் சந்தோசம்தான். ஆனால் பன்னிரண்டில் ஏழு கட்டுரைகளில் ஒரே செய்தி ஏறக்குறைய ஒரே சொற்களில் வருவதைக் கண்டபோதுதான் உள்ளே ஏதோ இடித்தது. கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கொடுமை தாங்காமல் ஹாஷிம் குலத்து அரபிகள் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வந்து, திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி ஆகிய பகுதிகளில் எட்டுக் குடியிருப்புகளை அமைத்தார்கள் என்பதே அந்தச் செய்தி. ஏழில் ஐந்து கட்டுரைகள் அதற்கு ‘ஜோன்ஸ்டன், 1827’ என்று அடிக்குறிப்புப் போடுகின்றன. ஐந்திலும் அந்தச் சஞ்சிகையின் பெயரில் ஒரே எழுத்துப் பிழை! ஐந்து பேரும் தனித்தனியே ஒரே இடத்தில் தடுக்கி விழ மாட்டார்கள். ஒருவர் விழுந்த இடத்தை மற்றவர்கள் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் எழுதிய ஒரு கடிதம் லண்டன் றோயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் வெளியீட்டு முதல் தொகுதியில் 1827இல் அச்சானது. கொழும்பில் கிடைத்த கூபி எழுத்துக் கல்வெட்டொன்றைப் பற்றியது அது. ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948இல் மௌத்தான காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் கல்வெட்டு. அதைச் சொல்லும்போதுதான் ஜோன்ஸ்டன் ஹாஷிம் குலத்தார் வருகையையும் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் எப்படிச் சொல்கிறார்? அந்தச் சந்ததியார் மத்தியில் நிலவும் மரபுவழிச் செய்தியின்படி என்று சொல்லிவிட்டுத்தான் விசயத்துக்கே வருகிறார். நம் மூதாதையர் அவரிடம் சொன்னதை, அவர்கள் சொன்னது என்றே எழுதினார். அது ஒரு நேர்மையான அறிவிப்பு.

கோவையிலுள்ள ஏழு கட்டுரைகளில் ஒன்றில்கூட ‘மரபுவழிச் செய்தி’ என்ற அந்தச் சொல் இல்லை. கைமாறிக் கைமாறி வந்ததில் அது எங்கோ உதிர்ந்துவிட்டது. வாய்வழிக் கதை, அடிக்குறிப்பு ஒன்றை உடுத்திக்கொண்டு, நிரூபிக்கப்பட்ட வரலாறாக நம் முன் நிற்கிறது. கலீபா அப்துல் மலிக் 705இல் காலமானவர். ‘எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம்’ என்பது அவருடைய ஆட்சியின் கடைசி நான்கைந்து வருடங்களுக்குத்தான் பொருந்தும் என்பதையாவது யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. மரபுச் செய்தி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது மரபுச் செய்தி என்று சொல்லப்பட வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் என் ஆய்வேட்டிலும் இதே வாக்கியம் இருந்தது. இதே ‘ஜோன்ஸ்டன், 1827’ இருந்தது. அந்தத் தொகுதியை நான் கண்ணாலும் கண்டதில்லை. வேறொருவர் புத்தகத்தின் அடிக்குறிப்பை அப்படியே தூக்கி என் பக்கத்தின் கீழே வைத்தேன். யாரும் கேட்கவில்லை. நல்ல புள்ளியும் கிடைத்தது. பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நாலைந்து வருடத்துக்கு முன் நாவலப்பிட்டி வீதியிலுள்ள ஒரு சில்லறைக் கடைக்காரரின் மகள், தன் கட்டுரைக்கு உதவி கேட்டு வந்தவள், கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “சேர், நீங்க அந்தப் புத்தகத்தப் பாத்தீக்கிறீங்களா?”

நான் பதில் சொல்லாமல் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னேன். அவள் அடுத்த கிழமை கைபேசியிலேயே அந்தப் பழைய தொகுதியின் படிமத்தைத் தேடியெடுத்துக் கொண்டு வந்தாள். “இதுல ‘மரபுப்படி’ண்டு ஈக்கிதே சேர், நீங்க தந்த குறிப்புல அது இல்லியே” என்றாள். அந்தச் சொல்லை நான் முதன்முதலாகப் படித்தது அன்றைக்குத்தான்.

மேற்கோளும் அடிக்குறிப்பும் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்கள் நமக்குத் தந்த சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணம் போய்ப் பல காலம். ஒரு சொல் எந்த வழியாக நம்மிடம் வந்தது என்பதைச் சொல்லாமல் அந்தச் சொல்லை ஏற்கக் கூடாது என்ற ஒழுக்கத்தை ஹதீஸ் கலை அறிஞர்களைப் போல நுணுக்கமாக வளர்த்தவர்கள் வேறு யார்? மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஸனத் இல்லையென்றால் அதன் பெறுமதி குறைந்துவிடும். அந்த ஸனத்திலும் ‘அவர் எமக்குச் சொன்னார்’ என்ற ‘ஹத்தஸனா’ வேறு. ‘இன்னாரிடமிருந்து’ என்று மட்டும் சொல்லும் ‘அன்’ வேறு. ‘எனக்கு எட்டியது’ என்ற ‘பலஙனீ’ வேறு. கேட்ட விதம் மாறினால் சொல்லும் சொல்லும் மாற வேண்டும்.

நேரில் கேட்காத ஒன்றை, இடையில் இருந்த அறிவிப்பாளரை மறைத்து, மேலே உள்ளவரிடமே கேட்டது போலத் தோன்றும்படி அறிவிப்பதற்கு ‘தத்லீஸ்’ என்று பெயர். அதைச் செய்பவர் ‘முதல்லிஸ்’. நான் என் ஆய்வேட்டில் செய்தது அதுதான். ஜோன்ஸ்டனை நான் படிக்கவில்லை. படித்த ஒருவரை, அல்லது படித்த ஒருவரைப் படித்தவரைப் படித்தேன். இடையிலிருந்த ஆளை மறைத்துவிட்டேன். இன்ன நூலில் எடுத்தாளப்பட்ட ஜோன்ஸ்டன் என்று எழுதியிருந்தால் குற்றம் இல்லை. அடிக்குறிப்பு கொஞ்சம் நீளும், கௌரவம் கொஞ்சம் குறையும். ஆனால் அது உண்மையாக இருக்கும்.

இன்னொரு சொல்லும் நமக்கு உண்டு: ‘விஜாதா’. ஆசிரியரிடம் கேளாமல், அனுமதியும் பெறாமல், அவர் எழுதிய ஏடு ஒன்றைக் கண்டெடுத்து அதிலிருந்து அறிவிப்பது. அப்படிச் செய்பவர் ‘இன்னாரின் கையெழுத்தில் கண்டேன்’ என்று சொல்ல வேண்டும். ‘அவர் எனக்குச் சொன்னார்’ என்று சொல்லக் கூடாது. நூலகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் ஒரு பழைய நூலின் படிமத்தைப் பார்த்து எழுதும் மாணவரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். பார்த்தது படிமம் என்றால் படிமம் என்று எழுதட்டும். இரண்டு பக்கம் கிழிந்திருந்தால் அதையும் எழுதட்டும்.

கோவையில் நான் கண்ட இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஒரு கட்டுரை ‘அஸீஸ், 1957’ என்று மேற்கோள் காட்டி, சிங்களம் மட்டும் சட்டம் வந்த மறு வருடமே சோனகரின் தனித்துவத்தை வலியுறுத்தி அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் எழுதினார் என்று பெரியதொரு வாதத்தையே கட்டியிருக்கிறது. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நூலை எழுதியவர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அல்ல, ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். எழுதிய வருடம் 1957 அல்ல, 1907. அந்த வருடத்தில் ஏ.எம்.ஏ. அஸீஸ் பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது 1911இல். நூல் 1907இல் சோனகர் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அதை 1957இல் சோனகர் இஸ்லாமிய கலாசார நிலையம் மறுபதிப்புச் செய்தது. அந்த நேரம் ஏ.எம்.ஏ. அஸீஸ் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர், நாடறிந்த பெயர். மறுபதிப்பின் வருடமும் பிரபலமான பெயரும் சேர்ந்து ஒரு பிள்ளையை வழிதவறச் செய்துவிட்டன.

இது வெறும் எண் பிழை அல்ல. 1907இல் பிரித்தானியர் ஆட்சி. பேச்சு சட்டநிரூபண சபையில் யார் யாருக்குப் பிரதிநிதி என்பது பற்றி. 1957இல் சுதந்திர நாடு. பேச்சு அரச கரும மொழி பற்றி. ஐம்பது வருடத்தைத் தூக்கி அப்பால் வைத்தால் நூலின் எதிராளியே மாறிவிடுகிறார். மறுபதிப்பைப் பயன்படுத்தும்போது முதற்பதிப்பு ஆண்டையும் சேர்த்து ‘1907 (மறுபதிப்பு 1957)’ என்று எழுதும் அந்தச் சின்னப் பழக்கம் இருந்திருந்தால் இந்த வாதமே பிறந்திருக்காது. சித்திலெப்பையின் நாவலும் இப்படித்தான். 1885இல் வந்த அது ‘அசன்பேயுடைய கதை’ என்றும் ‘அசன்பே சரித்திரம்’ என்றும் வழங்குகிறது. உங்கள் கையில் இருந்தது எந்தப் பதிப்பு என்று சொன்னால்தான் நீங்கள் சொல்லும் பக்கத்தை நான் திறந்து பார்க்க முடியும். அரபுத் தமிழ் ஏடுகளில் ஹிஜ்ரி ஆண்டுதான் இருக்கும். இரண்டு ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

பெயரை எழுதும் முறையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. குடும்பப் பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே என்ற வெளிநாட்டு விதியை அப்படியே பிடித்து ‘அஸீஸ், அப்துல்’ என்று எழுதுகிறார்கள். நமக்கு அப்படிக் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்துகள் பெரும்பாலும் தகப்பனாருடையவை. அதற்கு மேல், ‘அப்துல் அஸீஸ்’ என்பது யாவரையும் மிகைத்தவனின் அடிமை என்ற ஒரே பெயர். அதை இரண்டாக வெட்டினால் அடிமை ஒரு பக்கம் போய், அல்லாஹ்வின் திருநாமம் தனியாக ஆசிரியர் பட்டியலில் நிற்கும். ‘அப்துல் அஸீஸ், ஐ.எல்.எம்.’ என்று ‘அ’ வரிசையில் போட்டால் சரி. ‘உவைஸ், எம்.எம்.’ என்று ‘உ’வில் போட்டால் சரி. விதி நமக்காக, நாம் விதிக்காக அல்ல.

அப்துல் அஸீஸ் அந்த நூலை எதற்கு எழுதினார் என்பதிலும் மாணவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் ‘இலங்கைச் சோனகரின் இனவியல்’ என்ற கட்டுரையைப் படித்தார். மொழியாலும் வழக்கங்களாலும் சோனகர் தமிழரே என்பது அவர் வாதம். அடுத்த வருடம், 1889இல், எம்.சி. அப்துல் ரஹ்மான் சட்டநிரூபண சபைக்கு முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தமிழரின் பிரதிநிதி தனி ஆசனத்துக்கான நியாயத்தைக் குறைக்கப் பார்த்தார் என்ற மனத்தாங்கல் நம் சமூகத்தில் இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அப்துல் அஸீஸ் என்ன செய்தார்? தன் நூலுக்கே ‘திரு. இராமநாதனின் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய ஒரு விமர்சனம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். எதிராளியின் பெயரும் அவர் கட்டுரையின் பெயரும் அட்டையிலேயே இருக்கின்றன. வாசகர் விரும்பினால் மூலத்துக்குப் போய் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தலைப்பே ஒரு மேற்கோள்.

கோவையிலோ இராமநாதனைத் திட்டும் கட்டுரைகள் நான்கு. அவருடைய கட்டுரையைக் குறிப்பிடுவது ஒன்றுகூட இல்லை. எல்லாரும் அப்துல் அஸீஸின் பதிலைப் படித்து, அதிலிருந்து இராமநாதனை ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கில் பிரதிவாதியின் பதிலை மட்டும் கேட்டு வழக்காளியைத் தண்டிப்பது போல இது. நமக்கு உவப்பில்லாதவரின் சொல்லையும் அவர் சொன்னபடியே எடுத்து வைப்பதுதான் நீதி. காரிஜிகளில் ஒருவரான இம்ரான் இப்னு ஹித்தானின் அறிவிப்பையும் இமாம் புகாரி தன் ஸஹீஹில் எடுத்திருக்கிறார். கொள்கையில் முரண்பட்டவராயிற்றே என்று ஒதுக்கவில்லை. சொல்வதில் நம்பகமானவரா என்று பார்த்தார்.

மூன்றாவது குறையைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. ஊர்ப்பாசம் நிறைந்த ஒரு பிள்ளை, இப்னு பதூதா பாவா ஆதம் மலைக்குப் போகும்போது கினிகத்தேனை வழியாகப் போனார் என்று எழுதி, அடிக்குறிப்பில் ‘ரிஹ்லா’ என்று போட்டிருக்கிறார். எங்கள் ஊருக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருந்தால் நானும் சந்தோசப்படுவேன். மலைப் பருவம் தொடங்கினால் கொழும்பிலிருந்து ஹட்டன் போகும் வாகனங்கள் எங்கள் சந்தியைத்தான் கடந்து போகின்றன. அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஆனால் இப்னு பதூதா 1344இல் புத்தளத்தில் இறங்கினார். மலைக்கு ‘பாவா வழி’, ‘மாமா வழி’ என்று இரண்டு பாதைகளைச் சொல்கிறார். திரும்பும்போது தேவேந்திரமுனை, காலி, கொழும்பு என்று கரையோரமாகப் புத்தளம் சேர்கிறார். கினிகத்தேனை என்ற பெயர் அதில் எங்கும் இல்லை. நூல் உண்மை, ஆசிரியர் உண்மை, ஆனால் அந்த நூல் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட அடிக்குறிப்பு, அடிக்குறிப்பே இல்லாததை விட மோசம். வாசகரின் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துகிறது.

ரிஹ்லாவுக்கும் ஒரு ஸனத் இருக்கிறது. ஊர் திரும்பி, இலங்கைப் பயணம் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு, இப்னு பதூதா சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதினார். இலங்கை, மாலைதீவுப் பகுதிகளை அல்பேர்ட் கிரே ஆங்கிலத்தில் தந்து 1882இல் அது இங்கே அச்சானது. அறபு தெரியாத மாணவர் கிரேயைப் படித்திருந்தால் கிரேயின் பெயரைப் போட வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் ஓர் அறிவிப்பாளர்தான்.

இனி, வாத்திமாராகிய நம்மைப் பற்றியும் பேச வேண்டும். ‘உசாத்துணை நூல்கள் குறைந்தது பதினைந்து’ என்று நாம்தான் கேட்கிறோம். மலையகத்தில் ஒரு பிள்ளைக்குப் பதினைந்து ஆய்வு நூல்கள் எங்கே கிடைக்கும்? மூன்று நூலைப் படித்துவிட்டு அவற்றின் பின்பக்கப் பட்டியலிலிருந்து பன்னிரண்டை இறக்கிக்கொள்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கேட்டால் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் தருகிறது. எண்ணிக்கைக்குப் புள்ளி போட்டால் எண்ணிக்கைதான் வரும். மூன்று நூல்களை நேர்மையாகப் படித்து, மூன்றை மட்டும் குறிப்பிட்ட பிள்ளைக்கு முழுப் புள்ளி போட நாம் தயாரா?

மலையகத்துப் பிள்ளையிடம் பெரிய நூலகம் இல்லாவிட்டாலும் வேறு செல்வம் இருக்கிறது. கடைத்தெருவிலும் தோட்டத்திலும் இருக்கும் முதியவர்கள். அவர்கள் சொல்வதையும் மேற்கோள் காட்டலாம். அதற்கும் ஒழுங்கு உண்டு: சொன்னவர் யார், எந்த ஊர், ஏறக்குறைய என்ன வயது, எந்தத் திகதி, அவர் கண்டதா கேட்டதா, பெயரைப் போட அவர் சம்மதித்தாரா. ‘முன்னோர் கூறுவர்’ என்ற இரண்டு சொல்லில் அத்தனை பேரையும் அடைத்துவிடக் கூடாது.

என் வாப்பாவின் கடையில் ஒரு கடன் கொப்பி இருந்தது. தோட்டத்து ஆட்கள் சம்பள நாள்வரைக்கும் சாமான் எடுத்துப் போவார்கள். கடையில் ஒரு கொப்பி, அவர்கள் கையில் ஒரு கொப்பி. இரண்டிலும் திகதியும் சாமானும் தொகையும் ஒத்துப்போக வேண்டும். குர்ஆனிலேயே நீளமான வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், கடனை எழுதிவைப்பது பற்றியது என்று வாப்பா அடிக்கடி சொல்வார். அறிவும் நாம் பிறரிடம் பட்ட கடன்தான். யாரிடம், எப்போது, எவ்வளவு வாங்கினோம் என்று எழுதிவைப்பதுதான் மேற்கோள். மற்றவர் அவருடைய கொப்பியைத் திறந்தால் கணக்கு ஒத்துப்போக வேண்டும்.

இந்த நாட்டில் நம் வரலாற்றைக் கேள்வி கேட்பவர்கள் பலர். எப்போது வந்தீர்கள், எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகள் அந்தச் சபையில் நம் சார்பில் நிற்கப்போகிறவை. ஓர் அடிக்குறிப்பு பொய்யாகிப் போனால் எதிரில் இருப்பவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மீதி உண்மையையும் தள்ளிவிடுவார். அதற்காக மட்டும் சொல்லவில்லை. யாரும் சரிபார்க்காவிட்டாலும் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்.

கோவையைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு மாதிரியும் எழுதி வைத்தேன். அது என்னுடையது அல்ல. அந்தச் சில்லறைக் கடைக்காரரின் மகள் அன்றைக்குத் தன் கட்டுரையின் கீழே எழுதியது: ஜோன்ஸ்டன் இதனை அக்கால முஸ்லிம்களிடையே நிலவிய மரபுவழிச் செய்தியாகவே 1827இல் பதிந்துள்ளார், மூலத்தின் படிமத்தை நான் இணையத்தில் பார்த்தேன், இதைத் தேடும்படி தூண்டியது என் ஆசிரியரின் வகுப்புக் குறிப்பு, அதில் ‘மரபு’ என்ற சொல் விடுபட்டிருந்தது.

என் பிழையையும் அவள் ஸனத்தில் சேர்த்துவிட்டாள். சேர்த்தது சரிதான்.